தூக்கிப் பார்த்து வாங்குங்கள்!

பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின் அடியில் சற்று நேரம் நின்று பாருங்கள். தெருவிலிருந்து கடகடவென்று உருண்டு வந்த பெட்டிகள் எல்லாம் முதல் படியில் வந்து நின்றுவிடும். எஸ்கலேட்டர் வாசலில் கூட்டம் முண்டும். அவசரக்காரர்கள் படிக்கட்டுக்குத் திரும்புவார்கள். நீட்டிய கைப்பிடியை உள்ளே தள்ளி, பக்கவாட்டுக் கைப்பிடியைப் பற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவார்கள். ஒரு கையில் பெட்டி, மறு தோளில் நழுவிக்கொண்டே இருக்கும் பை, முழங்கையில் சாப்பாட்டுக் கூடை, சுண்டுவிரலைப் பற்றியபடி குழந்தை. படியோரக் கம்பியைப் பிடிக்க ஒரு கைகூட மிச்சம் இருக்காது. பாதிப் படியில் நின்று கை மாற்றுவார்கள். பின்னால் வருகிறவர் "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்பார்.

ஏறி இறங்கி நடைமேடைக்கு வந்து சேர்ந்தாலும் முடிந்துவிடவில்லை. உயர்மட்ட நடைமேடை என்பதே தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம்தான். ரயில் பெட்டியின் தளம் அதற்கும் ஓரடிக்கு மேலே இருக்கிறது. அங்கேயும் தூக்க வேண்டும். உள்ளே போய்க் குனிந்து இருக்கைக்கு அடியில் தள்ள வேண்டும். இறங்கும் ஊரில் இதே வேலை தலைகீழாக நடக்கும்.

இத்தனை பேரும் அந்தப் பெட்டியை எப்படி வாங்கியிருப்பார்கள்? கடையின் வழவழப்பான தரையில் ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்து, "நல்லா ஓடுதே" என்று மனம் நிறைந்து வாங்கியிருப்பார்கள். பெட்டி ஓடுகிற இடத்தில் யாருக்கும் கஷ்டமில்லை. அது ஓடாத இடங்களில்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, தோள் இறங்கிப்போகிறது, கால் இடறுகிறது. படிக்கட்டு, ரயில் வாசல், பேருந்தின் டிக்கி, விமானத்தில் தலைக்கு மேலே இருக்கும் அடுக்கு. பெட்டியையும் பையையும் இந்த இடங்களை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பயணத்தில் பாதி அலுப்பு அதிலேயே குறைந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சக்கரம் வந்த வழி

பெர்னார்ட் சாடோ அமெரிக்காவில் பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உயர் அதிகாரி. 1970-ல் குடும்பத்தோடு அரூபா தீவில் விடுமுறையைக் கழித்துவிட்டு இரண்டு பெரிய சூட்கேஸ்களைச் சுமந்தபடி ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் வேலை செய்த ஒருவர், கனமான இயந்திரம் ஒன்றைச் சக்கரப் பலகையில் வைத்து அலட்டிக்கொள்ளாமல் தள்ளிக்கொண்டு போவது கண்ணில் பட்டது. ஊருக்கு வந்ததும் ஒரு சூட்கேஸின் அடியில் சிறு சக்கரங்களைப் பொருத்தி, வார் கட்டி இழுத்துப் பார்த்தார். கடைக்காரர்கள் முதலில் வாங்க மறுத்தார்கள். ஆண்பிள்ளை எவனாவது பெட்டியை உருட்டிக்கொண்டு போவானா என்று நினைத்தார்கள். கடைசியில் மேசிஸ் கடை ஒப்புக்கொண்டது. 1972-ல் சாடோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

அந்தப் பெட்டியை வாரைப் பிடித்து இழுத்தால் தள்ளாடும், திருப்பத்தில் சாயும். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி ராபர்ட் பிளாத் 1987-ல் அதைச் சரிசெய்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்து, கீழே இரண்டு சக்கரம், மேலே நீளும் கைப்பிடி என்று அமைத்தார். முதலில் விமானிகளும் பணிப்பெண்களும்தான் வாங்கினார்கள். அவர்கள் விமான நிலையத்தில் மிடுக்காக இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்த பயணிகள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு யோசனையும் விமான நிலையத்துத் தரையில் பிறந்தவை. ஓடுகல் பதித்த நடைபாதையும், தார் பெயர்ந்த தெருவும், வாசலில் மூன்று படி வைத்த வீடும் அந்த இருவரின் கணக்கில் இல்லை. நம் வீடுகளில் அப்போது தகர ட்ரங்குப் பெட்டியும், பாய் தலையணையைச் சுருட்டிக் கட்டிய ஹோல்டாலும்தான் இருந்தன. 1971-ல் தொடங்கிய விஐபி நிறுவனத்தின் சூட்கேஸ் கல்யாணச் சீர்வரிசையில் இடம்பிடித்தது பிறகு நடந்தது. அவற்றையெல்லாம் தூக்க சிவப்புச் சட்டை போர்ட்டர்கள் இருந்தார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் இரண்டு பெட்டி, தோளில் ஒரு பை என்று அவர்கள் நடைமேம்பாலம் ஏறியதை நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் பார்த்திருப்போம். சக்கரம் வந்து அவர்கள் பிழைப்பில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. 2008-ல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது போர்ட்டர்கள் பலரை ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2016 ரயில்வே பட்ஜெட்டில் சுரேஷ் பிரபு அவர்களை இனி 'சஹாயக்' (உதவியாளர்) என்று அழைப்போம் என்றார். அவர்கள் தலையிலிருந்து இறங்கிய சுமை, படிக்கட்டு வரும்போதெல்லாம் நம் கைக்கு வருகிறது. அவர்களுக்குத் தொழில் தெரிந்திருந்தது. நமக்கு அந்தப் பழக்கம் இல்லை.

காலிப் பெட்டி எத்தனை கிலோ?

உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்புக்குக் கையில் 7 கிலோ, சரக்கில் 15 கிலோ என்பது பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கு. கையில் கொண்டுபோகும் சக்கரப் பெட்டி காலியாகவே மூன்று கிலோ இருந்தால், ஒரு சட்டை வைப்பதற்கு முன்பே நம் உரிமையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காலியாகிவிடுகிறது. அதே அளவுச் சாமான் கொள்ளும் சக்கரமில்லாத டஃபிள் பை ஒரு கிலோ சொச்சம்தான் வரும். வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெட்டி ஐந்து கிலோ என்றால் சாமானுக்கு 18 கிலோ, மூன்று கிலோ என்றால் 20 கிலோ. இரண்டு பெட்டி கொண்டுபோகிறவருக்கு இதில் மட்டும் நான்கு கிலோ லாபம்.

ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு கொக்கித் தராசைக் கையோடு கொண்டுபோங்கள். கைக்குள் அடங்கும் டிஜிட்டல் தராசு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. "லைட் வெயிட்தான் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொல்வார். அவரை நம்பலாம், தராசையும் மாட்டிப் பார்க்கலாம். 55 சென்டிமீட்டர் உயரக் கைப்பெட்டி இரண்டரை கிலோவைத் தாண்டினால் நான் அடுத்ததைப் பார்ப்பேன். பெரிய பெட்டி நாலு கிலோவைத் தாண்டினாலும் அப்படித்தான்.

கடினமான ஓடு கொண்ட பெட்டிகள் மூன்று வகை பிளாஸ்டிக்கில் வருகின்றன. ஏபிஎஸ் மலிவு, விறைப்பாக இருக்கும், முரட்டு அடி விழுந்தால் விரிசல் காணும். பாலிகார்பனேட் வளைந்துகொடுக்கும். ஜெர்மனியின் ரிமோவா நிறுவனம் 2000-ல் முதன்முதலாக அதில் பெட்டி செய்தது. பாலிப்ரொப்பிலீன் மூன்றிலும் எடை குறைவு. கடையில் வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பெட்டியைப் படுக்க வைத்து நடுவில் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்துங்கள். லேசாக உள்வாங்கி, கையை எடுத்ததும் பழையபடி எழும்பி வந்தால் நல்ல ஓடு. அசையாமல் விறைத்து நின்றால் உறுதி என்று எண்ணிவிட வேண்டாம். வளையாத ஓடுதான் உடைகிறது.

துணிப் பெட்டி, துணிப் பை வாங்குகிறவர்கள் அட்டையில் 'டெனியர்' என்று ஓர் எண்ணைப் பார்ப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் கூடக் கூட நூல் தடிமன், துணி கனம். 1,680 டெனியர் பாலியஸ்டர் கல் மாதிரி உழைக்கும், கல் மாதிரியே கனக்கும். ஆண்டுக்கு நாலைந்து முறை ஊருக்குப் போய்வருகிற குடும்பத்துக்கு அது தேவையில்லை. நல்ல நைலான் துணி என்றால் 420 டெனியரே போதும், எடையும் பாதியாகும். கான்வாஸ் பார்க்க அழகு. ஆனால் ஐப்பசி மழையில் நனைந்தால் தண்ணீரின் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டிவரும்.

ஜிப்பை அவசியம் பாருங்கள். பை தைக்கும் கடைகளில் குவிந்து கிடப்பவற்றைக் கவனித்தால் புரியும், துணி கிழிந்து வந்தவை சொற்பம், ஜிப்பும் சக்கரமும் கைப்பிடியும் போய் வந்தவைதான் அதிகம். ஜிப்பின் இழுப்பானைத் திருப்பினால் பின்பக்கம் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். எண் பெரிதானால் பல்லும் பெரிது. பெட்டியின் பிரதான ஜிப்புக்கு 8 அல்லது 10 இருக்கட்டும்.

சக்கரத்தில் நான்கு வேண்டுமா, இரண்டு வேண்டுமா? நான்கு சக்கரம் வழவழப்பான தரையில் சுகம், கைக்குப் பாரமே தெரியாது. ஆனால் அந்தச் சக்கரங்கள் ஓட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் அடி படும், உள்ளிடமும் அந்த அளவுக்குக் குறையும். சரிவில் விட்டால் தானாக ஓடும். இரண்டு சக்கரப் பெட்டியைச் சாய்த்து இழுக்க வேண்டும். மேடு பள்ளத்தையும் வாசற்படியையும் அது தாண்டிவிடும். விமானமே கதி என்று இருப்பவர்கள் நான்கு சக்கரம் வாங்கலாம். பேருந்து, ரயில், ஆட்டோ, ஊர்த் தெரு என்று போகிற நம்மில் பலருக்கு, உட்புறமாகப் பதித்த பெரிய சக்கரம் இரண்டே நல்லது என்பது என் கருத்து.

கடைசிச் சோதனைதான் முக்கியமானது. பெட்டிக்குள் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் பாட்டில்களையோ, கடையில் கிடைக்கும் வேறு கனத்தையோ வைத்து மூடச் சொல்லுங்கள். ஒரு கையால் தூக்கிக்கொண்டு பத்தடி நடங்கள். கைப்பிடி விரலை அறுக்கிறதா, பெட்டி முழங்காலில் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பாருங்கள். இதற்குப் பெட்டியின் அடியிலோ மறுபக்கத்திலோ இன்னொரு பிடி இருக்க வேண்டும். பலவற்றில் இருக்காது. கை நடுங்கினால் ஓர் அளவு சிறியதாக வாங்குங்கள். கடையில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச வேண்டாம். ரயிலில் தூக்கும்போதும் அந்த நாலு பேர் பார்க்கத்தான் போகிறார்கள்.

சுமைதாங்கிக் கல்லின் உயரம்

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு செங்குத்துக் கல், அவற்றின்மேல் குறுக்கே ஒரு பலகைக் கல். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டுவைப்பது வழக்கம். சந்தைக்குத் தலைச்சுமை கொண்டுபோகிறவர்கள் பிறர் துணையின்றிச் சுமையை அதில் இறக்கி, இளைப்பாறி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். அதன் உயரத்தைக் கவனியுங்கள். ஆள் நின்றபடியே, குனியாமல் சுமையை நகர்த்தும் உயரம். தரையிலிருந்து தலைக்குத் தூக்குவதுதான் முதுகை முறிக்கும் வேலை, நடப்பது அதற்கு அடுத்ததுதான் என்பதை அந்தக் கல்லை நட்டவர்கள் அறிந்திருந்தார்கள்.

தலைச்சுமையின் சூட்சுமத்தை விஞ்ஞானிகளும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்து நடக்கும்போது, வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடுதலாக உடல்சக்தி செலவாகவில்லை என்று 1986-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு சொன்னது. நேபாளத்தில் நெற்றியில் வாரை மாட்டி முதுகுக் கூடையில் சுமக்கும் ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமப்பதை 2005-ல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. சிறு வயது முதல் பழகிய உடம்புகள் அவை. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவர் திடீரென்று செய்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆனாலும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. சுமை உடம்பின் நடுக்கோட்டில், எலும்பின்மீது நேராக இறங்க வேண்டும். பக்கத்தில் தொங்கக் கூடாது.

பக்கத்தில் தொங்கினால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழு அளந்தது. ஒரு கையில் மட்டும் 30 கிலோ தூக்கியவர்களின் கீழ்முதுகில் விழுந்த அழுத்தம், இரண்டு கையிலும் 30, 30 என்று மொத்தம் 60 கிலோ தூக்கியபோது விழுந்ததைவிட அதிகமாக இருந்தது. மொத்த எடை இரட்டிப்பாகியும் முதுகில் அழுத்தம் குறைந்தது! ஒற்றைக் கைச் சுமை உடம்பை ஒரு பக்கம் சாய்க்கிறது. அதைச் சாயாமல் நிமிர்த்தி வைக்க மறுபக்கத்துத் தசைகள் முதுகெலும்பை இறுக்கிப் பிடிக்கின்றன. காவடித் தண்டின் இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்ட நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

ஆகவே 30 கிலோ அனுமதி இருந்தால் அதை ஒரே பெட்டியில் திணிக்காமல் 15, 15 என்று இரண்டாக்குங்கள். டிக்கெட்டில் ஒரே உருப்படிதான் என்று இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் விமான நிலையங்களில் வாங்கவே மாட்டார்கள். பெட்டியை ஏற்றி இறக்கும் தொழிலாளியின் முதுகைக் காப்பாற்றத்தான் அந்த வரம்பு. பெட்டியைத் தூக்கிப்போடுகிறார்களே என்று கோபப்படும்போது, ஒரு ஷிஃப்ட்டில் அவர்கள் எத்தனை பெட்டி தூக்குகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

முதுகுப் பைக்கு வருவோம். 1952-ல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்கத் தொடங்கினார். இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டை மலையேறிகளிடம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பட்டை சரியாக இருந்தால் சுமையின் பெரும்பகுதி தோளைவிட்டு இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். நம் கடைகளில் தொங்கும் பைகளில் பலவற்றுக்கு இடுப்பில் வெறும் நாடாதான் இருக்கிறது. அது பை ஆடாமல் இருக்க உதவுமே தவிர, பாரம் தாங்காது. உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சு வைத்த பட்டையாகப் பாருங்கள். அதை வயிற்றில் கட்டக் கூடாது. இடுப்பின் இரு பக்கமும் துருத்தும் எலும்பின்மேல் உட்கார வைத்து முதலில் இறுக்க வேண்டும், தோள் வாரை அப்புறம். பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்கினால் உங்கள் முதுகுக்கு அது நீளம் அதிகம். உயரம் குறைவான பெண்களுக்கு இந்தத் தொல்லை நிறைய உண்டு. கடையில் மாட்டிப் பார்த்து வாங்குவதே வழி.

பையை அடுக்குவதிலும் விஷயம் இருக்கிறது. கனமான பொருள் முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். அதே பொருளை வெளிப்பக்க அறையில் வைத்தால் பை பின்னால் இழுக்கும், நாம் முன்னால் கூன வேண்டிவரும். சக்கரப் பெட்டியில் நேர்மாறு, கனமானவை சக்கரத்துக்குப் பக்கத்தில் அடியில் இருக்கட்டும். எவ்வளவு சுமக்கலாம்? பள்ளிக் குழந்தையின் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசு வகுத்த பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. மலையேறப் போகாத சாதாரணப் பயணத்தில் பெரியவர்களுக்கும் அதுவே நல்ல அளவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஆறு கிலோ.

என்னைக் கேட்டால், தனியாகப் போகும் எவரும் ஒரு சக்கரப் பெட்டி, ஒரு முதுகுப் பை என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்போது ஒரு கை எப்போதும் சும்மா இருக்கும். படிக்கம்பியைப் பிடிக்கவும், ரயில் வாசல் கம்பியைப் பற்றி ஏறவும், டிக்கெட் எடுக்கவும், குழந்தையைப் பிடிக்கவும் அந்தக் கை வேண்டும்.

பொடி இருக்கட்டும்

குறைந்த சுமையோடு பயணம் செய்வது பற்றி வெளிநாட்டவர் எழுதியதைப் படித்தால், எதையும் எடுத்துப் போகாதே, போகுமிடத்தில் வாங்கிக்கொள் என்பதே பெரும்பாலும் பாடமாக இருக்கும். நம் பயணங்கள் அப்படிப்பட்டவை அல்ல. மகளைப் பார்க்கப் போகிறோம், பேரன் பிறந்த வீட்டுக்குப் போகிறோம், சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம். வெறுங்கையோடு எப்படிப் போவது?

திருநெல்வேலியில் என் பெரியம்மா சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது கட்டில் முழுக்கப் பொட்டலம் பரப்பி வைத்திருந்தார். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சுண்டவத்தல், கூழ்வத்தல், புளி. ஒவ்வொன்றையும் இரண்டு உறை போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, மேலே பேனாவால் பெயர் எழுதியிருந்தார்.

"பெரியம்மா, இட்லிப்பொடி அங்கேயும் கிடைக்குமே" என்றேன்.

"கிடைக்கும்யா, கிடைக்காம என்ன. நான் வறுத்தது கிடைக்குமா?" என்றார்.

அதற்குப் பதில் கிடையாது. பொட்டலங்களை அப்படியே விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தோம். பெட்டி, அண்ணன் கல்யாணத்தில் வாங்கிய பழைய பெரிய சூட்கேஸ். காலியாகத் தராசில் மாட்டினால் ஐந்தரை கிலோ. பக்கத்து வீட்டில் ஒரு மெல்லிய துணிப் பெட்டி இரவல் கிடைத்தது. மூன்று கிலோவுக்குள் அடங்கியது. இரண்டு டர்க்கி டவலுக்குப் பதில் இரண்டு ஈரிழைத் துண்டு. ஜரிகை நிறைந்த பட்டுப்புடவை மூன்றில் ஒன்று மட்டும் போனது, அதுவும் பேரனின் பெயர்சூட்டு விழாவுக்காக. தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், ஷாம்பு பாட்டில், இரண்டாவது செருப்பு இவையெல்லாம் பீரோவுக்கே திரும்பின. பொடியில் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

பிறருக்காகக் கொண்டுபோவதில் கை வைக்காமல், நமக்காக எடுத்துக்கொள்வதில் குறைப்பது நம் மக்களுக்குச் சரிப்படும் வழி. நமக்கான பொருட்களில் குறைக்க எவ்வளவோ இருக்கிறது. டர்க்கி டவல் ஒன்று அரைக் கிலோவை நெருங்கும், நனைந்தால் மறுநாள் காலைவரை காயாது. ஈரிழைத் துண்டு கால் கிலோவுக்கும் குறைவு, மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். குளித்தபின் துவட்ட, ரயிலில் போர்த்திக்கொள்ள, தலையணைமேல் விரிக்க, எல்லாவற்றுக்கும் ஆகும். ஜீன்ஸ் பேன்ட் ஒன்றின் எடையில் மெல்லிய பருத்திப் பேன்ட் இரண்டு வரும். கனமான ஷூவையும் ஊட்டிக்கு எடுக்கும் ஸ்வெட்டரையும் பெட்டியில் அடைக்காமல் உடம்பில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. விமான நிலையச் சோதனைவரை காலி பாட்டிலைக் கொண்டுபோய், உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். ஊரிலிருந்து திரும்பும்போது சாமான் கூடும் என்பது உறுதி. அதற்கு மடித்தால் கைக்குட்டை அளவுக்கு அடங்கும் மஞ்சப்பை இரண்டு போதும், இன்னொரு பெட்டி வேண்டாம்.

துணி எத்தனை நாளைக்கு எடுப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது. பத்து நாள் பயணத்துக்குப் பத்து செட் வேண்டியதில்லை. நான்கு நாளுக்கு எடுத்துக்கொண்டு, இரவில் இரண்டு உருப்படியை அலசிக் காயப்போட்டால் எந்த ஊரையும் சுற்றிவிடலாம். நம் ஊர் வெயிலில் வேட்டி காய எத்தனை நேரமாகும்?

இந்த இடத்தில் எம்மா கேட்வுட் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர், பதினோரு பிள்ளை பெற்றவர். 1955-ல், தமது 67-வது வயதில், ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,200 கிலோமீட்டருக்கும் நீண்ட அப்பலாச்சியன் மலைப்பாதையை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். தோளில் அவரே டெனிம் துணியில் தைத்த ஒரு பை. காலில் கேன்வாஸ் ஷூ. கூடாரம் கிடையாது, மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை, குளிருக்கு ஒரு கம்பளி. அந்தப் பாதையை அவர் மொத்தம் மூன்று முறை நடந்தார். மலையேற்றத்தில் குறைந்த சுமை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் இன்றும் அவரைத் தங்கள் பாட்டியாகக் கொண்டாடுகிறார்கள்.

நம்மிடமும் அப்படி ஒரு மூட்டை உண்டு. சபரிமலைக்குக் கட்டும் இருமுடியில் முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜைப் பொருட்களும், பின்முடியில் வழிப்பயணத்துக்கான தன் உணவும். இரண்டும் சமமாகத் தொங்க, தலையில் நடுவாக இருக்கும். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் போன்றவற்றை இருமுடியில் கொண்டுவர வேண்டாம் என்று சபரிமலைத் தந்திரியே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவை பெரும்பாலும் குப்பையில்தான் சேர்கின்றன என்பது காரணம். வழக்கமாகத் தேங்காயை விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள். ஐயப்ப பக்தர்களின் இருமுடிக்கு மட்டும் மண்டல, மகரவிளக்குக் காலங்களில் விமானப் பாதுகாப்பு அமைப்பு விலக்கு அளித்திருக்கிறது.

ரயிலுக்கு அளவு தாராளம். ஏசி முதல் வகுப்பில் 70 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50, மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் 40, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். பெட்டியின் அளவு 100 x 60 x 25 சென்டிமீட்டர், மூன்றடுக்கு ஏசியில் 55 x 45 x 22.5 என்பது விதி. இதில் அந்தக் கடைசி எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். கடைகளில் அடுக்கியிருக்கும் பெரிய பெட்டிகள் பலவற்றின் தடிமன் 30 சென்டிமீட்டரைத் தொடுகிறது. அவை இருக்கைக்கு அடியில் நுழையாமல் நடைவழியில் நிற்கும், இரவெல்லாம் போகிறவர் வருகிறவர் காலில் இடறும்.

பவர் பேங்க்கைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் அவர் வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட் அவர்தான். மருந்து, மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி ஆகியவையும் எப்போதும் முதுகுப் பையிலேயே இருக்கட்டும்.

நாம் செய்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். ஆனால் பெட்டியை எத்தனை குறைத்தாலும் எழுபது வயதில் முழங்கால் வலியோடு போகிறவருக்கு நடைமேம்பாலத்துப் படிகள் குறையாது. எழும்பூர், மதுரை, காட்பாடி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி நிலையங்களைப் புதுப்பிக்க 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அம்ருத் பாரத் திட்டத்தில் மேலும் பல நிலையங்கள் சேர்ந்திருக்கின்றன. முகப்பும் கோபுரமும் அழகாக வரட்டும். அதற்கு முன்னால் எல்லா நடைமேடைக்கும் வேலை செய்யும் லிஃப்ட்டும், சக்கரப் பெட்டியும் சக்கர நாற்காலியும் ஏறும் சாய்தளமும் வேண்டும். எஸ்கலேட்டரைக் கணக்கில் காட்டினால் போதாது. பெட்டியோடு அதில் ஏறக் கூசுகிற முதியவர்கள் ஏராளம்.

லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதைப் பார்த்தால் 139 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள், அல்லது 'ரயில் மதத்' செயலியில் படம் எடுத்துப் போடுங்கள். நிலையத்தின் பெயர், நடைமேடை எண், நேரம் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிந்தவர்கள், தங்களுக்குத் தேவையில்லாத நாளிலும் செய்யுங்கள்.